அம்மை போட்டிருந்தால் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், நான்காம் வகுப்பில் என் மகளோடு படிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் எழுதுவது:

வரும் திங்கட்கிழமை முதல் என் மகள் பள்ளிக்கு வருகிறாள். இரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் நின்றுபோனவள், மூன்றாம் வகுப்புப் பாடத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பாட்டி வீட்டுத் திண்ணையிலுமாகப் படித்துவிட்டு வருகிறாள். வாரம் தவறாமல் பாடங்களைப் படமெடுத்துப் போனில் அனுப்பிய வகுப்பாசிரியைக்கு என் முதல் நன்றி. அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்கே தெரிந்திருக்காது. கையை அசைக்க முடியாமல் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த நாட்களிலும், "மிஸ் இன்னைக்கு என்ன அனுப்பினாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது என்ற நினைப்பு அவளைத் தாங்கிப் பிடித்தது.

அவளுக்கு என்ன உடம்பு என்று உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்கள் அரைகுறையாகக் காதில் வாங்கியிருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய். டாக்டர்கள் எழுதும் பெயர் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். சரியான சிகிச்சையை விடாமல் முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழும் நோயும் இதுதான். வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

இதைப் பொதுவில் எழுதக் கூடாது என்று எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள். "பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்கணும். மூச்சு விடாதே" என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெரியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த நாள் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு இருக்கும் என்பதே தெரியாத நேரம். அவர்களுக்கு அவள் கல்யாணம் கவலையாக இருந்தது. வார்டில் நான் பார்த்தவரை ஆண் பிள்ளைகள்தான் அதிகம். இந்த நோய் ஆண் குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் இந்திய மருத்துவமனைகளில் காணப்படும் வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமில்லை, பெண் குழந்தைகளைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதே குறைவு என்று மருத்துவர்கள் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். மூடி மறைக்கும் வழக்கத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் வீட்டோடு போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. நான் மறைக்கப்போவதில்லை. இந்த மடலை அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். மிச்சத்தை எல்லாரும் படிக்கலாம் என்று அவள் சம்மதித்திருக்கிறாள்.

தொடக்கத்தில் கால்வலி. இரவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வளர்கிற வயது, ஓடியாடிய வலி என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல். முகம் வெளுத்தது. இடிபடாத இடத்திலெல்லாம் நீலம் பாரித்தது. டைபாய்டுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அன்று சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: இரண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத நீலத் தடம், எலும்பு வலி, கழுத்தில் கட்டி என்று இவற்றில் சில சேர்ந்து வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், சீக்கிரம் பார்த்தது பிள்ளையைக் காப்பாற்றும்.

முதல் சில வாரச் சிகிச்சையில் ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. நோய்ச் செல்களை அது அழிக்கும். கூடவே அடங்காப் பசியையும் கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ரசம் சோறு வேணும், அப்பளம் வேணும், இப்பவே வேணும்" என்பாள். வெளிச் சாப்பாடு கூடாது, ஆறியது கூடாது. அவள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த அறையில் சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அரிசி களைந்து போடுவார். டிபன் கேரியர் வரும்வரை அவள் அழுவாள். வந்ததும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். அரைமணி நேரத்தில் மறுபடி, "அப்பா, தோசை." முகம் பூரித்து, கன்னம் உப்பி, ஆள் அடையாளமே மாறிப்போனது. பிறகு முடி கொட்டியது. இப்போது கறுகறுவென்று சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. முன்பு நீளமாகப் பின்னல் போட்டவளை நினைவு வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்டால், "முடி கொட்டிச்சு, திரும்ப வளர்ந்துடுச்சு" என்று அவளே சொல்லிக்கொள்வாள். பெரியவர்கள் யாரும் நடுவில் புகுந்து 'உஷ்' என்று அடக்க வேண்டாம்.

அவளைப் பிழைக்கவைத்த மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அறிவியல் ஆசிரியருக்கு இது பாடத்துக்கும் உதவும். நம் பள்ளிக் காம்பவுண்டு ஓரமாகத் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, சுடுகாட்டோரம் வளர்வது என்று சிலர் வீட்டில் வைக்கமாட்டார்களே, அதிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின். 1963 முதல் உலகமெங்கும் லுக்கேமியாப் பிள்ளைகளுக்கு அதை ஏற்றுகிறார்கள். நம் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இந்தச் செடியை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையைக் கொட்டினால் ஒரு கிராம் மருந்து கிடைப்பது அரிது. இதைக் கேட்டுவிட்டு இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தார் ஓர் உறவினர். அன்பினால்தான் செய்தார். ஆனால் அந்தச் செடி நஞ்சு. ஊசியில் ஏறும் அளவை மருத்துவர் உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகிறார். கஷாயத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. தயவுசெய்து யாரும் யாருக்கும் அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை அவள் விழுங்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரைக்குப் பின்னால் நம் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், குறைந்த பட்டமான எல்.எம்.எஸ்.ஸோடு வெளியேறியவர். அமெரிக்கா போய், அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தை முடக்கும் மருந்துகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்த மருந்துகளில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுக்கேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இந்த நோயை மருந்தால் பின்வாங்கச் செய்யமுடியும் என்று உலகத்துக்கு முதல்முறையாகக் காட்டிய அவருடைய கட்டுரை 1948 ஜூனில் வெளியானது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அன்றைய குழந்தைகள் சில மாதங்களே தேறியிருந்தார்கள், நோய் திரும்பியது. ஒரு மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் கொடுக்கவேண்டும் என்று கற்றுக்கொள்ள மருத்துவர்களுக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன.

அவள் தினமும் ராத்திரி விழுங்கும் மெர்காப்டோபூரின் ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் தந்தது. எலியன், பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூட வேலை மறுக்கப்பட்டவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து என் மகள் அந்த மாத்திரைக்கு முகம் சுளிப்பதில்லை.

எதிர்ப்படும் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "குணமாயிடுச்சா?" பதில் சொல்கிறேன். முதல் மாதச் சிகிச்சை முடிந்ததுமே எலும்பு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஆகும். பிள்ளை எழுந்து விளையாடும், ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் லட்சம் கோடி நோய்ச் செல்கள் இருக்கும் என்கிறார்கள். அது ஆயிரம் கோடியாகக் குறைந்தாலே சாதாரண மைக்ராஸ்கோப்பில் பிடிபடுவதில்லை. இப்போது பத்தாயிரம் செல்லில் ஒன்று ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்திருக்கிறது. அதிலும் தெரியாத மிச்சம் இருக்கலாம். களை பறித்த வயலில் மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும், மண்ணுக்குள் கோரைக்கிழங்கு கிடக்கும். அதனால்தான் சிகிச்சை இரண்டரை, மூன்று ஆண்டு நீள்கிறது. கடுமையான பகுதி முடிந்துவிட்டது. இப்போது அவள் இருப்பது மெயின்டெனன்ஸ் என்கிற கடைசிக் கட்டம். மாத்திரைகள், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, இடையிடையே முதுகில் ஊசி. இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. முடித்த பிறகும் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டு வந்த பின்புதான் மருத்துவர்கள் 'குணம்' என்று எழுதுவார்கள்.

எங்களுக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு பையன் இருந்தான். என் மகளுக்குப் பரமபத விளையாட்டு கற்றுக்கொடுத்தவன். முதல் மாதம் முடிந்து தேறிவிட்டான். நிலத்தை விற்றாகிவிட்டது, இன்னொரு பிள்ளையை ஊரில் விட்டு வந்திருக்கிறது, பையன்தான் நன்றாக இருக்கிறானே என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்ப வந்தபோது நோயும் திரும்பியிருந்தது. அவனைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். அந்தத் தாய் தகப்பனை நான் குறைசொல்லமாட்டேன். மருந்துச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரயிலில் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுக் கூலி இழப்புக்கு எந்தத் திட்டமும் இல்லை. சிகிச்சை பாதியில் நிற்பது நம் நாட்டில் பிள்ளைகளைப் பறிகொடுப்பதற்கு ஒரு பெரிய காரணம். 2030க்குள் உலகமெங்கும் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 60 சதவீதம் பேராவது பிழைக்கவேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. மருந்து கண்டுபிடித்தால் மட்டும் அது நடக்காது. பஸ் காசும் வாடகையும் கிடைத்தால் நடக்கும்.

எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் நல்ல நேரத்துக்கும் ராகு காலத்துக்கும் கீழே என் கையெழுத்தில் 'முழு' அல்லது 'அரை' என்று இருக்கும். இன்று ராத்திரி மாத்திரை முழுதா, பாதியா என்ற கணக்கு அது. ரத்தத்தில் வெள்ளையணு எவ்வளவு என்பதைப் பார்த்து மருத்துவர் மாற்றிக்கொண்டே இருப்பார். வியாழக்கிழமைத் தாளில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம். அது மெதோட்ரெக்சேட் நாள். வாரம் ஒருமுறை கொடுக்கவேண்டிய அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ராத்திரி சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, கையுறை போட்டுக்கொண்டு மாத்திரையை வெட்டுகிறேன். அவள் விழுங்கியதும் அந்தத் தாளில் டிக் போடுவது அவள் வேலை. மறுநாள் தாளைக் கிழித்தாலும் தூக்கிப் போடுவதில்லை, கட்டிவைத்திருக்கிறாள்.

இந்த மருந்துகள் நோயை அடக்கும்போதே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவைக்கின்றன. உங்களிடம் நான் கேட்க வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

என் மகளின் நோய் யாருக்கும் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. பிறந்தநாள் வீடொன்றில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். அந்த அம்மாவுக்குத் தெரியாது, பயந்துவிட்டார். மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்றே சொல்கிறேன். அவளிடமிருந்து உங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. உங்கள் பிள்ளைகளிடமிருந்து அவளுக்கு வரக்கூடியவைதான் ஆபத்து. அதில் முதலாவது அம்மை.

சின்னம்மை ஆரோக்கியமான பிள்ளைக்குப் பத்து நாள் தொந்தரவு. கொப்புளம், அரிப்பு, கஞ்சி, வேப்பிலைப் படுக்கை, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போகும். லுக்கேமியாவை வென்ற பிள்ளைகள் அம்மையில் போயிருக்கிறார்கள். அவளுக்கு இப்போது அம்மைத் தடுப்பூசி போடவும் முடியாது. அது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துத் தயாரிப்பது. சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆன பிறகுதான் போடமுடியும்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. அம்மை போட்ட பிள்ளையோடு ஒரே அறையில் இருந்துவிட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்தால் அன்றே சென்னைக்குப் பேசுவோம். எதிர்ப்புப் புரதம் உள்ள ஊசி இருக்கிறது, அசைக்ளோவிர் மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பயன். ஊசியை முதல் நான்கு நாட்களுக்குள் போட்டுவிடுவது நல்லது. செய்தி தாமதமாக வந்தால் பலன் குறையலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கொப்புளம் கண்ணில் படுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அம்மை பரவத் தொடங்கிவிடும். அதாவது, உங்கள் பிள்ளைக்கு இன்று காலை கொப்புளம் தெரிகிறது என்றால், நேற்று வகுப்பில் என் மகள் பக்கத்தில் அவன் இருமியிருக்கலாம். உங்கள் போன் ஒன்றுதான் எங்களுக்கு அதைச் சொல்லும்.

நம் ஊரில் அம்மையை நோய் என்று சொல்லமாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். அந்த மரியாதையை நான் மதிக்கிறேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நம் பாட்டிமார் அதை மறைத்ததில்லை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். தெருவில் போகிறவருக்கு அது அறிவிப்பு. உள்ளே வராதே, பிள்ளைத்தாய்ச்சி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லாமல் சொன்னார்கள். இன்று வேப்பிலையைப் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதுகிறோம். பரீட்சை வந்துவிட்டால் பொருக்குத் தட்டும் முன்பே பவுடரைப் பூசி அனுப்பிவைக்கிறோம். வேண்டாம். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். பங்குனி, சித்திரையில்தான் இது அதிகம். பள்ளி நிர்வாகம் மனது வைத்தால் அந்த நாட்களின் வருகைப் பதிவைக் கணக்கில் கொள்ளாமல் விடலாம், பரீட்சையைப் பிறகு வைக்கலாம். அம்மை போட்டதற்காக எந்தப் பிள்ளைக்கும் எதுவும் குறையாது என்று தலைமையாசிரியர் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டால் யாரும் மறைக்கமாட்டார்கள்.

யார் பிள்ளைக்கு வந்தது என்று நான் கேட்கமாட்டேன். 'நான்காம் வகுப்பில் ஒருவருக்கு' என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தால் போதும். தட்டம்மைக்கும் இதுவே பொருந்தும். தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று. சின்னம்மைக்கான ஊசி அரசுப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போடவேண்டும். முடிந்தவர்கள் போடுங்கள். உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி என் மகளையும் காக்கும்.

அடுத்தது காய்ச்சல். அவள் உடம்பு சுட்டால், 100.4 டிகிரியைத் தொட்டால், அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டாம், பக்கத்துத் தெருக் கிளினிக்கில் இடுப்பு ஊசி போடவேண்டாம். தட்டணு குறைந்திருந்தால் அந்த ஊசியே ரத்தக்கட்டாகும். உடனே எங்களைக் கூப்பிடுங்கள். வெள்ளையணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறவேண்டும். நம் ஊர் மருத்துவமனையில் அவளுடைய பைலின் நகல் இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வின்கிரிஸ்டின் நரம்பைத் தொட்டிருப்பதால் பாதம் சில சமயம் தடுக்கும், எழுத்து மெதுவாக வரும். மாடிப்படியில் முந்தித் தள்ளாமல் இருந்தால் போதும். விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்காரவைக்காதீர்கள். களைத்தால் அவளே உட்காருவாள். மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் நோய் ஒளியும் என்பதால் முதுகு வழியாக மருந்து செலுத்துகிறார்கள். அதனால் கவனமும் மனக்கணக்கும் சில பிள்ளைகளுக்குச் சற்று மந்தமாகலாம். அப்படித் தெரிந்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள். மார்க்கைக் கூட்டிப் போடாதீர்கள். தப்பு செய்தால் கண்டியுங்கள். தன்னைத் திட்டுகிற மிஸ் வேண்டும் என்று அவள் ஏங்கியிருக்கிறாள். வார்டில் எல்லாரும் 'கண்ணு, தங்கம்' என்றே பேசினால் பிள்ளைக்கு ஏதோ சந்தேகம் வந்துவிடும்.

வார்டில் பழகிய ஒரு தாய், தன் மகனின் பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னதாக அழுதார். ரிசல்ட் குறையும், மற்ற பெற்றோர் பயப்படுவார்கள் என்றார்களாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்தத் தாய்க்கு அது தெரியாது. இதைப் படிக்கும் வேறு பள்ளி ஆசிரியர்கள் இருந்தால், அப்படியொரு பிள்ளை உங்களிடம் வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்றாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பி. நாங்கள் சென்னையில் கிடந்த மாதங்களில் அவன் பாட்டியோடு இருந்தான். அவனுக்குப் பல் விழுந்தது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டான், எல்லாவற்றையும் நான் போனில்தான் பார்த்தேன். அவனைப் பார்க்கிற எல்லாரும், "அக்கா எப்படி இருக்கா?" என்கிறார்கள். "நீ எப்படிடா இருக்கே?" என்று ஒருமுறை கேளுங்கள். முன்பு வாயாடியாக இருந்தவன், இப்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறான்.

கடைசியாக ஒன்று. முதல் இரண்டு மாதங்களில் அவளுக்கு ரத்தமும் தட்டணுவும் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூக்கில் வடியும் ரத்தம் நிற்காத ஒரு ராத்திரியில், யாரோ ஒரு கல்லூரி மாணவர் வந்து கொடுத்துவிட்டுப் போன தட்டணுவால் அது நின்றது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது. சேர்த்துவைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, தினம் தினம் யாராவது வந்து கொடுத்தால்தான் உண்டு. கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியதும் ரத்த வங்கி வாசலில் பெற்றோர் போனும் கையுமாக நிற்பார்கள். உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பி, எடை 45 கிலோவுக்கு மேல் இருந்து, உடம்பு நன்றாக இருந்தால், அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் இந்த வாரமே பதிந்துவையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அவர்கள் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்